அக்காவின் செவ்வாய்க்கிழமைகள்

அந்த வருடம் முழுக்க, செவ்வாய்க்கிழமை விடிந்தாலே என் அக்கா பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் அலைவாள். ஆறரை மணிக்கு நான் மாடிப்படி இறங்கி அவள் வீட்டு வாசலில் நிற்பேன். அத்தான் கதவைத் திறந்து, "மறுபடியும் பாத்ரூம் போயிருக்கா, கொஞ்சம் இரும்மா" என்பார். சாப்பாட்டு டப்பா மூடி போடாமல் மேஜையில் கிடக்கும். அவள் ஈர முகத்தோடு வந்து, "நட நட, பஸ் போயிடும்" என்பாள்.

நாங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. நான் தரைத்தளத்தில், வருகிறவர்களுக்குச் சீட்டுப் போட்டுக் கொடுக்கும் கவுண்டரில். அவள் அதற்கும் கீழே, ஜன்னல் இல்லாத தளத்தில், அறுவைசிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்கிற அறையில். நாலாவது மாடியில் ஆபரேஷன் தியேட்டர்கள். அங்கே பயன்பட்ட கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ரத்தக்கறையோடு லிஃப்டில் கீழே வந்து சேரும். அவற்றை ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, பூதக்கண்ணாடி விளக்கின் கீழே ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பட்டியல்படி எண்ணித் தட்டில் அடுக்கி, நீலத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய நீராவிப் பெட்டிக்குள் தள்ளுவார்கள். பிரஷர் குக்கரின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு சோதனைப் பொட்டலம் இருக்கும். அதற்குள் ஒரு காகிதப் பட்டை. நீராவி உள்வரைக்கும் ஒழுங்காகப் புகுந்திருந்தால் பட்டை முழுவதும் கறுத்துவிடும். கறுக்காவிட்டால் அந்த முறை வெந்த கருவி ஒன்றுகூட மேலே போகக் கூடாது. அந்த அறையின் தலையாய சட்டம் அதுதான்.

அக்கா பத்தொன்பது வயதில் அந்த ஆஸ்பத்திரிக்குத் தரை துடைக்கத்தான் வந்தாள். இரண்டு வருடத்தில் கருவி அறைக்கு இழுத்துக்கொண்டார்கள். அப்போது அங்கே தலைமையில் இருந்தவரை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். யாராவது கருவியின் பெயரை மாற்றிச் சொன்னால் பெரிய மேடம் இடுக்கியால் அவர்கள் விரல்முட்டியில் ஒரு தட்டுத் தட்டுவார். வலி ஒன்றும் பெரிதாக இருக்காது. எல்லோரும் பார்ப்பார்களே, அதுதான் தாங்காது. அக்கா அந்தப் பயத்திலேயே ஒரு மாதத்தில் இருநூறு கருவிகளின் பெயரை மனப்பாடம் செய்தாள். வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் முணுமுணுப்பாள்.

பெரிய மேடம் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலி அக்காவுக்கு வந்தது. பெரிய மேடத்தின் இடுக்கியை மட்டும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. மற்றதெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் போடும் சத்தம் லிஃப்ட் வரை கேட்கும். எட்டுப் பேர் அவள் கீழே வேலை பார்த்தார்கள். எட்டுப் பேர் எண்ணியதையும் அவள் திரும்ப எண்ணுவாள். தன் பெண்ணுக்கு ஜுரம் என்று ஒரு நாள் வீட்டில் இருந்தவள், அன்று பதினோரு தடவை போன் போட்டு, "லிஸ்ட் பாத்தியா? விளக்குல பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டில் அவள் அவ்வளவு மோசமில்லை. எங்கள் இருவரிலும் கோபக்காரி நான்தான். அந்த அறைக்குள் நுழைந்தால் மட்டும் ஏதோ ஒன்று அவள் குரல்வளையைப் பிடித்துக்கொள்ளும்.

"ஒரு இடுக்கியோட பல்லுல ஒரு துளி அழுக்கு நின்னா போதும்டி, மேல ஒருத்தன் செத்துருவான்" என்பாள். "எனக்கு எப்பவும் அந்த ஆளோட முகம்தான் கண்ணு முன்னாடி. முகமே தெரியாத ஆளு."

இந்த நிலையில்தான் புது மேட்ரன் வந்தார். ஐம்பது வயதிருக்கும். குள்ளமான உருவம். பேசினால் நாம் கொஞ்சம் குனிந்து கேட்க வேண்டும், அவ்வளவு மெல்லிய குரல். பழைய மேட்ரன் கீழே இறங்கி வந்தாலே யாரையாவது வறுத்தெடுக்கத்தான். இவர் சேர்ந்து மூன்று மாதம் கழித்துக் கீழே வந்தார், சுவரோரமாக ஒரு மணி நேரம் நின்றார், ஒன்றுமே சொல்லாமல் போய்விட்டார். அன்று அக்கா எல்லாத் தட்டையும் மூன்றாவது தடவையும் எண்ணினாள். இரண்டு நாளில் ஒரு சீட்டு வந்தது. அதைப் பஸ்ஸில் என்னிடம் காட்டினாள். "இனி ஒவ்வொரு செவ்வாயும் பத்து மணிக்கு நாம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசலாம்" என்று எழுதியிருந்தது.

"பேசலாம்னு போட்டிருக்காங்க. யாராவது சும்மா பேசக் கூப்பிடுவாங்களா?" என்றாள்.

"நல்லதுக்குத்தான் இருக்கும்கா."

"சலவைப் பக்கம் இருந்தவரை இப்படித்தான் கூப்பிட்டாங்களாம். ரெண்டே மாசம். ஆளு இப்ப இல்ல."

அந்த ஆள் தன் ஊர்ப்பக்கம் வேறு வேலை கிடைத்துத் தானாகவே போனவர். அது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்கு எனக்கும் பக்கென்றுதான் இருந்தது.

முதல் செவ்வாய். துணி அடுக்கி வைக்கும் சின்ன அறை, இரண்டு நாற்காலி, நடுவில் மேஜைகூட இல்லை. அக்கா எல்லாப் பதிவேடுகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு போயிருந்தாள். மேட்ரன் அவற்றைத் திறக்கவே இல்லை.

"இந்த வாரம் உங்களுக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க மேடம்."

மேட்ரன் தலையை ஆட்டினார். அடுத்த கேள்வி வரவில்லை. சுவரில் மின்விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்ததாம். "அந்தப் பொம்பளை பேசாம உக்காந்திருந்தாங்கடி. பெரிய மேடம் தட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்" என்றாள் அக்கா. அரை மணி நேரத்தில் அவள் சொன்னது மொத்தம் நாலு வார்த்தை இருக்கும்.

மூன்றாவது செவ்வாயில் மேட்ரன் வேறு ஒன்றைக் கேட்டார். "உங்க ரூம்ல யாராவது கடைசியா எப்ப உங்ககிட்ட வந்து, 'நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்'னு சொன்னாங்க?"

அக்கா யோசித்தாள். "யாரும் சொன்னதில்லைங்க மேடம். எங்க ரூம்ல தப்பு நடக்காது. வேணும்னா புக் பாருங்க, ஆறு மாசமா ஒண்ணுகூட இல்ல." அதைச் சொல்லும்போது அவளுக்கு முதல்தடவையாக அந்த அறையில் தலை நிமிர்ந்ததாம்.

மேட்ரன் நோட்டை மூடினார். "எட்டுப் பேரு, ஆறு மாசம், ஒரு தப்புகூட இல்ல. அதைக் கேட்டா எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அந்த ஒரு வரி அக்காவைப் பிடித்து ஆட்டியது. அன்று மாலை பஸ்ஸில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "என்ன அர்த்தம்டி அது? நான் பொய் சொல்றேங்கறாங்களா? இல்ல, என்னை அனுப்பறதுக்கு வழி பாக்கறாங்களா?" அவள் கை என் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு வயதுக்காரியின் கை, குழந்தையின் கைபோல வேர்த்திருந்தது.

அதற்குப் பிறகு மேட்ரன் கொஞ்சம் கொஞ்சமாகச் சில வேலைகள் கொடுத்தார். புத்திமதி என்று எதையும் சொல்லமாட்டார். "அடுத்த தடவை தட்டுல ஒண்ணு குறைஞ்சா நீங்க முதல்ல என்ன சொல்வீங்க?" என்று கேட்பார். அக்கா, "ஏன் இப்படிப் பண்ணேன்னு கேப்பேன்" என்றாள். "அந்த 'ஏன்' காதுல விழுந்ததும் அவங்க என்ன செய்வாங்க?" அக்காவுக்கு உடனே தன் பழைய விரல்முட்டி ஞாபகம் வந்தது. "ஏதாவது சாக்கு சொல்வாங்க" என்றாள். "சரி, 'ஏன்'னு கேக்காம, 'என்ன பாத்தீங்க'ன்னு கேட்டா?" அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: "கேட்டுட்டு, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க. உங்களுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமா இருக்கும்."

அக்கா கெட்டிக்காரி. சொன்னதைச் செய்து பார்த்தாள். தட்டுகளைத் துணியில் சுற்றிக் கட்டும் மேஜையில் இருந்த ஒரு பெண் தட்டில் ஐந்து கவ்விக்குப் பதில் நாலு வைத்திருந்தாள். அக்கா அவள் பக்கத்தில் போய், குரலைத் தேன்போல ஆக்கிக்கொண்டு, "இதுல நீ என்ன பாத்தேம்மா?" என்று கேட்டுவிட்டு, மேட்ரன் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு பத்து எண்ண ஆரம்பித்தாள். ஆறு வருவதற்குள் அந்தப் பெண் ஓவென்று அழுதுவிட்டாள். "அக்கா, என்னை வேலையை விட்டு எடுத்துறாதீங்க அக்கா. ரெண்டு புள்ளைங்க அக்கா."

அறையே நடுங்கிப் போனது. வழக்கமாகக் கத்துகிறவள் கத்தவில்லை என்றால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று எட்டுப் பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவள் மேட்ரனைப் பார்த்து எப்படிப் பயந்தாளோ அதே மாதிரி அவர்கள் அவளைப் பார்த்துப் பயந்தார்கள். ஒரு வாரத்தில் அக்கா கையை உதறிவிட்டாள். "இதெல்லாம் எனக்கு வராது" என்று பழையபடி கத்தத் தொடங்கினாள். அறையில் இருந்தவர்களுக்குக்கூடக் கொஞ்சம் நிம்மதி.

அது நடந்து இரண்டு வாரத்தில் அந்த வியாழக்கிழமை வந்தது.

காலையிலிருந்தே தியேட்டரிலிருந்து போன்மேல் போன். முந்தின நாள் விபத்து ஒன்றில் அடிபட்டவர்கள் பலர் வந்திருந்ததால் கருவி பற்றவில்லை. நீராவிப் பெட்டியை ஓட்டுகிறவர் ஐம்பத்தைந்து வயதுக்காரர், காது வரை மீசை வைத்தவர். மீசைக்காரர் என்றால்தான் ஆஸ்பத்திரியில் தெரியும். ஒன்பது மணிக்கு அவர் பெட்டியைத் திறக்கும்போது அக்கா அந்தப் பக்கமிருந்து, "மேல காத்துக்கிட்டு இருக்காங்க, இன்னும் என்ன தடவிக்கிட்டு இருக்கீங்க!" என்று கத்தினாள். அவர் ஏழு செட்டையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். சோதனைப் பொட்டலத்தை அதற்கப்புறம்தான் பிரித்தார்.

பத்தே முக்காலுக்கு அவர் அக்காவின் மேஜை முன்னால் வந்து நின்றார். கை நீட்டினார். உள்ளங்கையில் அந்தக் காகிதப் பட்டை. பாதி கறுப்பு. மீதி பாதி வெளிர் மஞ்சள்.

அக்காவுக்கு முதலில் காது அடைத்துப்போனதாம். அப்புறம் அடிவயிற்றிலிருந்து சத்தம் ஏறிக் கழுத்து வரை வந்துவிட்டது. "பத்து வரைக்கும் எண்ணணும்னு நினைச்சேன். மூணு வரைக்கும்தான் முடிஞ்சுது" என்று பிற்பாடு சொன்னாள். அந்த மூன்று போதுமானதாக இருந்தது. வாயில் வந்தது வேறு.

"என்ன பாத்தீங்க அண்ணே?"

மீசைக்காரர் சொன்னார்: "ஒம்பதே காலுக்குப் பாத்தேன். பாதிதான் மாறியிருந்துச்சு. உங்ககிட்ட சொல்ல மூணு தடவை கிளம்பினேன் அக்கா. மூணு தடவையும் நீங்க யாரையோ கத்திக்கிட்டு இருந்தீங்க. பட்டை பழசா இருக்கும்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். அப்புறம் மனசு கேக்கலை, வந்துட்டேன்."

ஒன்றரை மணி நேரம். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். அவளைவிடப் பதினான்கு வயது பெரியவர். இருபது வருடமாக அந்தப் பெட்டியோடு குடும்பம் நடத்துகிறவர். அவர் உதடு குழந்தையின் உதடுபோலத் துடித்துக்கொண்டிருந்தது.

போன் செய்தாள். தியேட்டரில் யாரும் எடுக்கவில்லை. லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றிருந்தது. அவள் படியேறி ஓடினாள். தரைத்தளத்தில் என் கவுண்டரைத் தாண்டித்தான் படிக்கட்டு. செருப்பு ஒன்று கழன்று விழுந்ததை விட்டுவிட்டு ஓடுகிறவளை நான் பார்த்தேன். "அக்கா!" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஆறு செட் பிரிக்காமலே இருந்தது. அலமாரியிலிருந்து அவளே கையால் எடுத்தாள். ஏழாவது இரண்டாம் எண் தியேட்டருக்குப் போயிருந்தது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷன் முடிந்துவிட்டது.

ஒரு பள்ளி வேன் டிரைவர். மணிக்கட்டு எலும்பு முறிந்து, தகடு வைத்து, திருகாணி போட்டிருந்தார்கள். எலும்பில் கிருமி தங்கினால் என்ன ஆகும் என்று அக்காவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முகம் தெரியாத ஆளுக்கு இருபது வருடம் கழித்து ஒரு முகம் கிடைத்துவிட்டது. முன்பல்லில் சின்ன இடைவெளி, நெற்றியில் ஒரு பழைய தழும்பு.

தியேட்டர் வாசலில் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேட்ரன் அங்கே வந்தார். திட்டவில்லை, தேற்றவும் இல்லை. பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப முதல்ல செய்ய வேண்டியது எது?" என்று கேட்டார்.

"பெட்டியை நிறுத்தணும். காலையில அதுல வெந்தது எல்லாத்தையும் திருப்பி எடுக்கணும்."

"அப்புறம்?"

"டாக்டர்கிட்ட சொல்லணும். மருந்தைக் கூட்டிக் கொடுப்பாங்க."

"அப்புறம்?"

அக்கா கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த ஆளுகிட்டயும் சொல்லணும்" என்றாள்.

"டாக்டரும் நானும் சொல்லுவோம். நீங்க வரணும்னு கட்டாயம் இல்ல. வர்றீங்களா?"

வருகிறேன் என்று எப்படித் தன் வாயில் வந்தது என்பது அவளுக்கே தெரியாது. மேட்ரன் அவளைத் துணி அறைக்குக் கூட்டிப்போய், செவ்வாய்க்கிழமைபோலவே எதிரெதிரே உட்கார வைத்தார். அந்த டிரைவர் என்ன கேட்பார் என்று நினைக்கிறீர்கள் என்றார். "என் கை போயிடுமான்னு கேப்பாரு." அதற்கு என்ன சொல்வீர்கள்? "தெரியாதுன்னுதான் சொல்லணும்." சரி, தெரிந்தது எது? அதைச் சொல்லிப் பாருங்கள். நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்று தடவை பாதியில் நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கினாள்.

மாலை ஐந்து மணிக்குப் போனார்கள். டாக்டர் நடந்ததைச் சொன்னார். அந்த மனிதர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவிதான் எழுந்து நின்று, "யாரு பண்ணுனது?" என்று கேட்டார்.

"என் ரூம்ல நடந்துதும்மா. நான்தான் அதுக்குப் பொறுப்பு" என்றாள் அக்கா. "நீராவி சரியா போகலைன்னு சந்தேகம். ஆறு செட்டைப் பிடிச்சிட்டோம். உங்க வீட்டுக்காரருக்குப் போனதை மட்டும் பிடிக்க முடியலை. கிருமி போயிருக்கா இல்லையான்னு தெரியாது. பத்து நாள் பாத்தாதான் தெரியும்."

டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அக்கா தினமும் இரண்டு மணிக்கு வார்டுக்குப் போய், கட்டிலின் கால்மாட்டில் தொங்குகிற ஜுர அட்டையைப் பார்த்துவிட்டு வருவாள். முதல் மூன்று நாள் சாதாரணம். நாலாவது நாள் கோடு மேலே ஏறியிருந்தது. நூறு புள்ளி நாலு. அவள் என் கவுண்டருக்கு வந்து, சீட்டு வாங்க நிற்கிறவர்களுக்கு நடுவில் நின்று, "ஏறிடுச்சு" என்று மட்டும் சொன்னாள். ஐந்தாவது நாளும் இறங்கவில்லை. அத்தான் அவளைச் சாப்பிட வைக்கத் தன் பாட்டுக்கு ஏதேதோ வேடிக்கை பேசிப் பார்த்தார். பெண் கல்லூரிக்குப் போகாமல் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆறாவது நாள் விசாரணை. ஜுரம் இறங்காத நிலையில் அது நடந்ததுதான் கொடுமை. நிர்வாக அதிகாரி, டாக்டர், மேட்ரன் மூன்று பேர் நீள மேஜைக்கு அந்தப் பக்கம். மீசைக்காரரும் அக்காவும் இந்தப் பக்கம்.

"ஒன்பதே காலுக்குப் பிரிச்சிருக்கீங்க. பத்தே முக்கால் வரைக்கும் ஏன் சொல்லலை?" என்று அதிகாரி கேட்டார்.

மீசைக்காரர் தரையைப் பார்த்தார். "கவனிக்கலைங்க சார்."

அக்காவுக்கு வழி திறந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், பழி அவரோடு நின்றிருக்கும். அவளுக்கும் அது புரிந்துதான் இருந்தது. அந்த நிமிடத்தில் தனக்கு மூத்திரம் வந்துவிடும்போல இருந்ததாக என்னிடம் சொன்னாள், சிரிக்காமல்.

"கவனிச்சாரு சார்" என்றாள். "என்கிட்ட சொல்லப் பயந்தாரு. என் வாய்க்குப் பயந்து எங்க ரூம்ல யாரும் எதையும் சொல்றதில்லை. ஆறு மாசமா புக்ல ஒரு தப்புகூட இல்லாததுக்குக் காரணம் அதுதான். பரிசோதிக்காம அனுப்பச் சொல்லி அவசரப்படுத்தினதும் நான்தான்."

மீசைக்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். மேட்ரன் நோட்டில் எதையும் எழுதவில்லை.

ஏழாவது நாள் ஜுரம் இறங்கியது. பத்தாவது நாள் கட்டைப் பிரித்தார்கள். புண் உலர்ந்து சுத்தமாக இருந்தது. ஜுரத்துக்குக் காரணம் சாதாரணச் சளி என்றார் டாக்டர். அக்கா அதைக் கேட்டுவிட்டுக் கீழே வந்து, துணி அறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

நீராவிப் பெட்டியின் கதவு ரப்பர் ஒரு மூலையில் கிழிந்திருந்தது தெரியவந்து, மாற்றினார்கள். இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு, வழக்கம்போல அந்த இரண்டு நாற்காலி. "இனிமே என்ன செய்யப் போறீங்க?" என்று மேட்ரன் கேட்டார்.

அக்கா இரண்டு காரியம் செய்தாள். தினமும் காலையில் வேலை தொடங்குமுன் எட்டுப் பேரையும் வட்டமாக நிறுத்தி, முந்தின நாள் எங்கே சறுக்கியது என்று கேட்டாள். முதலில் தன்னுடையதைச் சொன்னாள். நான்கு நாள் வரை அவள் மட்டும்தான் பேசினாள். ஐந்தாம் நாள் மீசைக்காரர், "நேத்து ரெண்டாவது தடவை பெட்டியை ஓட்டறப்போ கடிகாரத்தைப் பாக்க மறந்துட்டேன்" என்றார். எல்லோரும் அக்காவின் முகத்தையே பார்த்தார்கள். அவள் கன்னம் துடித்தது. "சரி. மறக்காம இருக்க என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள்.

இரண்டாவது, ஒவ்வொருவரோடும் தனியாக மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தாள். மீசைக்காரரோடு உட்கார்ந்தபோது பேச்சுவாக்கில், "எனக்குப் பின்னாடி ஏதோ பேர் வெச்சிருக்கீங்களாமே, என்ன பேரு?" என்று கேட்டுவிட்டாள். அவர் மீசையைத் தடவினார், கூரையைப் பார்த்தார், கடைசியில், "குக்கர்" என்றார். "நீங்க லிஃப்ட்ல இறங்கறப்போ 'விசில் வருது'ன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவோம் அக்கா." அவள் சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அதை எங்களிடம் சொல்லிச் சிரிக்கும்போதுதான் கண் கலங்கியது. அத்தான், "நான் இருபது வருஷமா இந்தப் பேரைத் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். தலையணை பறந்தது.

அந்த மாத முடிவில் புத்தகத்தில் பதினான்கு தப்பு பதிவாகியிருந்தது. எதுவும் மேலே போகவில்லை, எல்லாம் அறைக்குள்ளேயே பிடிபட்டவை. நிர்வாக அதிகாரி போனில் கூப்பிட்டு, "உங்க செக்‌ஷன்ல மட்டும் ஏன் இவ்வளவு?" என்றார். அக்கா புத்தகத்தைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டாள். "முன்னாடியும் இருந்துச்சு சார். புக்குக்கு வரலை, அவ்வளவுதான்" என்றாள். அவர் நம்பினாரா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

டிரைவர் ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்காக வந்து என் கவுண்டரில்தான் சீட்டு வாங்கினார். அவரை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அவருக்கு என்னைத் தெரியாது. இடது கையால் பேனாவைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களைத் தனக்குத்தானே மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன். "அஞ்சு விரலுமா?" என்று கேட்டாள். அஞ்சும் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. கட்டும் மேஜையில் இருந்த, அன்று அழுத அந்தப் பெண் போன மாதம் சலவைப் பகுதிக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டாள். போகும்போது அக்காவிடமே சொன்னாள்: "நீங்க திட்டினாக்கூட வாங்கிக்கிட்டு வேலையைப் பாப்பேன் அக்கா. உக்கார வெச்சுக் கேள்வி கேக்கறீங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கலை. முந்தின ராத்திரி தூக்கமே வர்றதில்லை."

அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது. எந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது, எந்த இடத்தில் அவசரப்பட்டோம் என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தாள். நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டு சலவைப் பகுதிக்கே போயிருக்கிறாள். துணி மூட்டைமேல் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாளாம். என்ன பேசினாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கலைடி" என்றாள். "அவ புள்ளைங்களைப் பத்தி அவளே சொல்லிக்கிட்டு இருந்தா. நாளைக்கும் போகலாம்னு இருக்கேன்."